தேசிக்காய் நசித்த ரயரைப் பின்னேரமே ஏன் கழட்டுறியள்?

காலமை பிள்ளையார் கோயிலடியில் ஐயர் கற்பூரம் காட்டி, பொனற்றில் சந்தனம் பூசி, நாலு ரயருக்குக் கீழேயும் நாலு தேசிக்காய் வைத்தார். பெரியம்மாவின் மூத்த மகன், எங்களுக்கெல்லாம் அண்ணை, காரை மெல்ல முன்னுக்கு எடுத்தார். நாலும் நசிந்தன. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டா.

பின்னேரம் நாலரைக்கு அதே கார் ஒரு ரயர்க்கடையில் ஜாக்கில் ஏறி நின்றது. தேசிக்காய்ச் சாறு பட்ட ரயர்கள் நாலும் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. மீற்றரில் இருந்த தூரம், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்த ஓட்டத்தையும் சேர்த்து, ஐநூறு கிலோமீற்றர்கூட இல்லை.

"ஏன் அண்ணை கழட்டினீங்கள்?"

"அது கொம்பனி ரயர் தம்பி. ஒண்டுக்கும் உதவாது. எல்லாரும் புதுக் கார் எடுத்தா முதல் வேலையா இதைத்தான் மாத்துவினம்."

இந்த 'எல்லாரும்' யார் என்று நான் கனநாளாகத் தேடுகிறேன். ஷோறூமில் நிற்கிற பெடியன் சொல்கிறான், ரயர்க்கடை முதலாளி சொல்கிறார், கனடாவில் இருந்து வீடியோ கோலில் வருகிற சித்தப்பா சொல்கிறார். சொல்கிற ஒருவரும் அந்த ரயரின் பக்கச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து வாசித்ததை நான் காணவில்லை. எனக்குக் கோபம் அதில்தான். ரயரை மாற்றுவது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்காமல் மாற்றுவது பிழை. அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு செய்வது அதைவிடப் பெரிய பிழை.

முதலில் காசுக் கதையைப் பேசி முடிப்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருசம், ஒரு பொருளாதார நெருக்கடி, கியூஆர் கோட்டோடு பெற்றோல் செட் வரிசை. இப்போது வருகிற கார்களின் விலையில் பெரும்பங்கு வரி. கார் எடுக்கிற ஆள் நகை அடகு வைத்து, லீசிங் போட்டு, அஞ்சு வருசத்துச் சம்பளத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். அந்தாளிடம் போய், வாங்கின அன்றே இன்னொரு லட்சத்தைக் கொட்டச் சொல்வதற்கு உங்களிடம் ஒரு நல்ல காரணம் இருக்க வேண்டும். "எல்லாரும்" காரணம் இல்லை.

அண்ணையின் கார் ஒரு வகன் ஆர். அதற்குக் கொம்பனி போட்டு அனுப்பிய ரயர் 155/65ஆர்14. கடைக்காரர் அதைக் காலால் தட்டி, "சைக்கிள் ரயர் மாதிரிக் கிடக்கு. இதிலை நாலு பேரோடை கொழும்புக்குப் போவீங்களோ அண்ணை?" என்று கேட்டாராம். அந்த ஒரு வசனத்திலேயே வியாபாரம் முடிந்துவிட்டது. ஆம்பிளை ஒருத்தனிடம் "சைக்கிள் ரயர்" என்று சொன்னால் பிறகு என்ன கதை.

அந்த இலக்கங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு எழுத்து இருந்தது: 75எஸ். 75 என்றால் அந்த ஒரு ரயர் 387 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை தாங்கும். நாலு ரயரும் சேர்ந்து ஆயிரத்து ஐநூறு கிலோவுக்கு மேல். எண்ணூறு கிலோ அளவு காருக்கு நாலு பேரையும், அவர்களுடைய பெட்டியையும், பெரியம்மா கட்டிக் கொடுக்கிற பனங்கிழங்கையும் ஏற்றினாலும் மிச்சம் இருக்கும். சைக்கிள் ரயராம்!

கொம்பனி ரயர் மலிவுக்காகப் போடுகிற ரயர் என்ற கதையில் அரைவாசி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது. கார் செய்கிறவன் ஆயிரக்கணக்கில் வாங்குகிறான், விலை பேசித்தான் வாங்குவான். அவனுக்கு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற இலக்கம் முக்கியம், அதனால் இலகுவாக உருளுகிற ரயரைத் தேடுவான். சத்தம் குறைவாக இருக்க வேண்டும், பாரமும் குறைவாக இருக்க வேண்டும். இவற்றுக்காகச் சில ரயர்களில் பூவின் ஆழத்தைக் கொஞ்சம் குறைத்தும் செய்வதுண்டு. ஆக, உங்கள் கொம்பனி ரயர் கடையில் விற்கிற நல்ல ரயர் ஒன்றைவிடச் சீக்கிரம் தேயலாம். ஒத்துக்கொள்கிறேன்.

மிச்ச அரைவாசியை ஒருவரும் சொல்வதில்லை. அந்தக் காரின் ஸ்பிறிங், ஷொக், ஸ்ரியரிங், ஏபிஎஸ் எல்லாம் அந்த ரயரை மாட்டித்தான் சோதித்துச் சரிசெய்யப்படுகின்றன. ஐரோப்பியக் கார்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிஎம்டபிள்யூவுக்கென்று செய்த ரயரில் ஒரு நட்சத்திரம் இருக்கும், மேர்சிடஸுக்கு எம்ஓ, போர்ஷேக்கு என் என்ற எழுத்து. பேர் ஒன்று, பூ ஒன்று, ஆனால் கடையில் தனியாக விற்பதும் காரோடு வருவதும் உள்ளே ஒரே ரயர் இல்லை. எங்கள் வகன் ஆருக்கு நட்சத்திரம் கிடையாதுதான். ஆனாலும் 'மலிவாக இருந்ததால் எதையோ மாட்டி அனுப்பிவிட்டான்' என்று நினைப்பது, நாங்கள் எங்கள் வியாபாரிகளை வைத்து உலகத்தை அளப்பது.

அகல ரயர் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் உள்ளங்கையை விரித்து நிலத்தில் வையுங்கோ. சின்னக் கார் ஒன்றில் ஒரு ரயர் றோட்டைத் தொடுகிற இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காரின் பாரமும் உள்ளே இருக்கிற காத்தும். ரயரை அகலமாக்கினால் அந்த உள்ளங்கை குறுக்கே நீளும், முன்பின்னாகச் சுருங்கும். காய்ந்த றோட்டில் வளைவில் அதற்கு ஒரு பலன் உண்டு. தண்ணி நிற்கிற றோட்டில் அதே அகலம்தான் கூடுதல் தண்ணியைத் தள்ள வேண்டும். 165/65ஆர்14 போட்டால் சுற்றளவும் இரண்டு வீதத்துக்கு மேல் கூடும். மீற்றர் 80 காட்டும்போது நீங்கள் போவது 82 கிட்ட. ஓடின தூரத்தையும் மீற்றர் குறைத்துத்தான் எண்ணும். பிறகு "ரயர் மாத்தினாப் பிறகு பெற்றோல் குடிக்குது மச்சான்" என்று கதை வரும்.

இளம் ஆக்கள் சிரிக்க வேண்டாம். பின்சில்லுக்குக் கார் ரயர் சைசில் ஒன்றை மாட்டிக்கொண்டு திரும்ப மாட்டாமல் திரும்புகிற மோட்டார் சைக்கிள் எத்தனை நிற்கிறது உங்கள் ரியூசன் வாசலில்? அதுவும் இதே வியாதிதான்.

இனி மற்றப் பக்கம். 'கொம்பனி போட்டதைத் தொடாதே' என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களோடும் எனக்குச் சரிவராது. கொம்பனி போட்டது என்பதால் ஒரு ரயர் புனிதமாகிவிடாது. அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களோடு வந்த ஃபயர்ஸ்ரோன் ரயர்கள் ஓட்டத்தில் மேல்தோல் கழன்று போயின. 2000 ஓகஸ்ற்றில் 65 லட்சம் ரயர்களைத் திரும்ப அழைத்தார்கள். மொத்தத்தில் இருநூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அவை காரோடு வந்த ரயர்கள்தான். அந்த வழக்கில் அதிகம் பேசப்பட்ட ஒரு விசயம், ஃபோர்ட் அந்த வாகனத்துக்கு 26 பிஎஸ்ஐ காத்துப் போதும் என்று சொல்லியிருந்தது. காத்துக் குறைய ரயர் மடங்கும், மடங்க மடங்கச் சூடேறும், சூடேறினால் அடுக்குகள் பிரியத் தொடங்கும். வெக்கையான மாநிலங்களில், பாரத்தோடு, வேகமாகப் போகும்போது அது பிரிந்தது.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவெடுப்பது? எங்கள் நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி முடிச்சு இருக்கிறது. நாங்கள் 'புதுக் கார்' என்று சொல்வதில் கனக்க, உண்மையில் புதுசு இல்லை. யப்பானில் யாரோ ஒருவர் ஓடி, ஏலத்தில் போய், கப்பலில் வந்து, யார்டில் மாதக்கணக்கில் வெய்யில் காய்ந்த கார் அது. எங்களுக்குப் புதுசு, அவ்வளவுதான். கண்டி, கொழும்பு, யாழ்ப்பாணம் எங்கும் இதை 'புதுசு' என்று சொல்லி விற்பார்கள், நாங்களும் 'புதுசு' என்று சொல்லித் தேசிக்காய் வைப்போம். அந்தக் காரின் ரயருக்கும் சீரோ மைலேஜ் காரின் ரயருக்கும் ஒரே புத்திமதி சொல்ல முடியாது.

ரயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்குகிற ஒரு வரி இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கம்தான் அந்த ரயரின் பிறப்புச் சான்றிதழ். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருசம். 4824 என்றால் 2024 ஆம் ஆண்டின் 48 ஆவது கிழமை. சில ரயரில் அந்த இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், அது உள்ப்பக்கமாகத் திரும்பியிருந்தால் காருக்குக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். படுங்கோ. கார் வாங்கப் பட்ட கடனை நினைத்தால் இந்தப் படுக்கை ஒன்றும் இல்லை.

ஏன் வயசு முக்கியம்? றப்பர் ஓடாமல் நின்றாலும் முதிரும். காத்தில் உள்ள ஒட்சிசனும் வெய்யிலும் சூடும் அதை இறுக்கிவிடும். பூ முழுசாக இருக்கும், ஆனால் பிடிப்பு இருக்காது, உள்ளே அடுக்குகளின் ஒட்டும் தளர்ந்திருக்கும். 2012 இல் இங்கிலாந்தில் ஓர் இசைவிழாவுக்குப் போய்த் திரும்பிய இளம் ஆக்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று முன்ரயர் வெடித்து மரத்தில் மோதியது. மூன்று பேர் செத்தார்கள். அந்த ரயருக்கு வயசு 19. பூ சட்டப்படி போதுமான அளவுக்கு இருந்தது. செத்த பெடியன் ஒருவனின் தாய் வருசக்கணக்காகப் போராடினா, 2021 இல்தான் பஸ், லொறிகளின் முன்சில்லில் பத்து வருசத்துக்கு மேற்பட்ட ரயர் போடக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. ஃபாஸ்ற் அன்ட் ஃபியூரியஸ் போல் வோக்கர் செத்த போர்ஷே காரின் ரயருக்கும் ஒன்பது வயசு. அங்கே முதற்காரணம் வேகம்தான். ஆனால் அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய றப்பர் எப்போதோ கிழடாகிவிட்டது.

கார்க் கொம்பனிகள் சில ஆறு வருசத்தோடு மாற்றச் சொல்கின்றன. ரயர்க் கொம்பனிகள் பெரும்பாலும் பத்து வருசத்துக்கு மேல் எந்த நிலையிலும் வேண்டாம் என்கின்றன. எங்கள் வெய்யிலுக்கு நான் ஆறின் பக்கம்தான் நிற்பேன்.

இன்னொன்று, யப்பான் காரில் கட்டாயம் பார்க்க வேண்டியது. வடக்கு யப்பானில் பனி கொட்டும். அங்கே மாரிக்கு ஸ்ரட்லெஸ் என்று ஒரு வகை ரயர் போடுவார்கள். பனியில் இறுகாமல் இருக்க அதன் றப்பரை மெதுவாகச் செய்வார்கள், பூவில் மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கான வெட்டு இருக்கும். பார்க்க ஆழமான பூவோடு கம்பீரமாக இருக்கும். "அண்ணை, யப்பான் ரயர், பூ அப்பிடியே கிடக்கு பாருங்கோ" என்று அதைக் காட்டி விற்கிறார்கள்! கிளிநொச்சி வெய்யிலில் அது களிமண் மாதிரிக் குழையும், சீக்கிரம் தேயும், மழை றோட்டில் பிறேக் போட்டால் நிற்கச் சுணங்கும். பக்கச் சுவரில் ஆங்கிலத்தில் ஸ்ரட்லெஸ் என்று எழுதியிருந்தாலோ, மலைக்குள் ஒரு பனிப்பூப் படம் இருந்தாலோ, யோசிக்க வேண்டாம். அன்றைக்கே கழட்டுங்கோ. தேசிக்காயைப் பிறகு வைக்கலாம்.

இலக்கம் பழசு என்றால் மாற்றுங்கோ. பக்கச் சுவரில் வெடிப்பு, வீக்கம் இருந்தால் மாற்றுங்கோ. நாலும் நாலு விதமாக இருந்தால், வழியில் யாரோ நல்லதைக் கழட்டிவிட்டுக் கெட்டதை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், மாற்றுங்கோ. பூவுக்கு நடுவே சின்னச் சின்ன மேடு இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீற்றர். பூ தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமனாகிவிட்டால் ரயர் முடிந்தது. மாரி வருகிற நேரம் என்றால் அதுவரைக்கும்கூடக் காத்திருக்கக் கூடாது. இவை ஒன்றும் இல்லை, இலக்கம் போன வருசத்தது என்றால், கடைக்காரர் எதைச் சொன்னாலும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போங்கோ. ஓடித் தேய்த்து முடியுங்கோ. பிறகு உங்களுக்குப் பிடித்த நல்ல ரயரை வாங்குங்கோ.

இப்போது அண்ணையின் கதைக்கு வருகிறேன். அன்றைக்குச் சுவரோரம் கிடந்த ரயரில் நான் வாசித்த இலக்கம்தான் அந்த 4824. எட்டு மாசப் பிள்ளை. அவருடைய கார் உண்மையிலேயே சீரோ மைலேஜ். காரில் புதிதாக ஏறியிருந்த ரயரைக் கைபேசி லைற் அடித்துப் பார்த்தேன். 3021. நாலு வருசம் எங்கேயோ ஸ்ரோறில் கிடந்த சரக்கு. ஒழுங்காக வைத்திருந்தால் அது பாவிக்க முடியாத ரயர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இளையதைக் கொடுத்து, மூத்ததை வாங்கி, மேலே ஒரு லட்சம் கட்டியிருக்கிறார் எங்கள் அண்ணை. கழட்டின ரயருக்குக் கடை கொடுத்தது ஒன்றுக்கு ஆறாயிரம். அடுத்த கிழமை அது இன்னொரு வகன் ஆர்க்காரருக்கு "புதுசு மாதிரி, கொம்பனி ஒறிஜினல்" என்று போயிருக்கும். காலமை உதவாத கொம்பனி ரயர் பின்னேரம் ஒறிஜினல் ஆகிற அதிசயம் ரயர்க்கடையில்தான் நடக்கும்.

நான் இலக்கத்தைக் காட்டினேன். கடைப் பெடியன், "அது சும்மா ஒரு நம்பர் அண்ணா" என்றான். அண்ணை என்னைப் பார்த்து, "வாங்கின நாளிலை அபசகுனமாக் கதைக்காதை" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் பிழை.

கார்த்திகையில் ஏ9 றோட்டில் அடைமழை. மாங்குளம் தாண்டி, எண்பது அளவில் வந்துகொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், மழைக்குக் காடு ஈரமாகிவிட மாடுகள் தார் றோட்டுக்கு வந்து படுக்கும். பிறேக்கை மிதித்திருக்கிறார். கார் நிற்கவில்லை, திரும்பவுமில்லை, தண்ணியில் தோணி மாதிரிப் போயிருக்கிறது. கடைசியில் கரையில் இறங்கி மண்ணில் புதைந்து நின்றது. மாட்டுக்கும் ஒன்றும் இல்லை, அண்ணிக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு மூன்று வயசு. இரண்டு நாள் காரில் ஏற மாட்டேன் என்று அழுதது.

"உந்தப் பழைய ரயராலைதான்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆசையாகவும் இருந்தது. ஆனால் அடுத்த நாள் காத்தை அளந்து பார்த்தபோது, முன்சில்லு இரண்டிலும் கதவோரத்து ஸ்ரிக்கரில் எழுதியிருந்ததைவிட ஒன்பது பிஎஸ்ஐ குறைவு. மூன்று மாசமாக ஒருக்காலும் பார்க்கவில்லையாம். ஏன் பார்க்கவில்லை? "புது ரயர்தானே போட்டிருக்கு."

புது ரயர் மோகத்தின் உண்மையான ஆபத்து இந்த வசனத்தில்தான் கிடக்கிறது. காசு போனது பரவாயில்லை, உழைக்கலாம். லட்சம் கொடுத்ததால் ஒரு நம்பிக்கை வந்து, அந்த நம்பிக்கை இரண்டு நிமிச வேலையைத் தேவையில்லாததாக்கிவிட்டது.

றோட்டில் தண்ணி நிற்கும்போது, ஒரு வேகத்துக்கு மேல் ரயரால் தண்ணியைத் தள்ள முடியாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். 1960களில் நாசா விமானச் சில்லுகளை வைத்து இதை ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னது. மிதக்கத் தொடங்குகிற வேகம் காத்தமுக்கத்தின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். ஓஎல் கணக்குத்தான். 33 பிஎஸ்ஐ இருந்தால் ஏறக்குறைய மணிக்கு 96 கிலோமீற்றர். 24 பிஎஸ்ஐக்கு இறங்கினால் 82. விமானத்துக்குச் செய்த கணக்கு, காருக்கு அப்படியே பொருந்தாது, பூவின் ஆழமும் தண்ணியின் ஆழமும் அதை மாற்றும். ஆனாலும் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று விளங்குகிறதுதானே? அண்ணை போனது எண்பதில்.

நிற்கிற தூரத்தையும் பாருங்கோ. எண்பதில் போகிற கார், நல்ல பிடிப்புள்ள றோட்டில் பிறேக் பிடித்த இடத்திலிருந்து முப்பது சொச்சம் மீற்றரில் நிற்கும். பிடிப்பு அரைவாசியானால் அறுபத்து மூன்று மீற்றர் வேண்டும். அந்த மேலதிக முப்பது மீற்றருக்குள்தான் மாடு, சைக்கிளில் வருகிற ஐயா, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாரும் இருக்கினம்.

"உயிருக்கு விலை போடாதை" என்பதுதான் மாற்றச் சொல்கிறவர்களின் கடைசி அம்பு. சரி, போடவில்லை. அந்த ஒரு லட்சத்தை உயிருக்கென்றே செலவழிப்போம். காத்து அளக்கிற கேஜ் ஒன்று சில ஆயிரத்துக்குள் வரும். அதை வாங்கி, காலமை கார் ஓட முதல், ரயர் குளிராக இருக்கும்போது, மாசத்தில் இரண்டு தரம் அளவுங்கோ. அளவு எவ்வளவு என்பது சாரதிக் கதவைத் திறந்தால் ஸ்ரிக்கரில் இருக்கும். ரயரில் எழுதியிருப்பது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்சம், அது உங்கள் காருக்கான அளவு இல்லை. பெற்றோல் செட்டில் "எவ்வளவு அண்ணை?" என்று கேட்டால் "எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சு அடி" என்று சொல்கிற பழக்கத்தை விடுங்கோ. நைதரசன் அடிக்கக் காசு கொடுக்க வேண்டாம், சும்மா காத்திலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டு நைதரசன்தான், அதுவும் இலவசமாக.

பிறகு டிக்கியைத் திறந்து பாருங்கோ. இப்போது வருகிற சின்னக் கார்கள் கனக்கில் ஸ்பெயார் ரயரே இல்லை. ஒரு போத்தல் பசையும் ஒரு குட்டிப் பம்பும் வைத்திருப்பான். பக்கச் சுவர் கிழிந்தால் அந்தப் பசை ஒன்றும் செய்யாது. இரவு ஒரு மணிக்குப் புளியங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவில் குழந்தையோடு நிற்கும்போது உங்களுக்கு அகல ரயர் வேண்டாம், ஐந்தாவது ரயர் ஒன்றுதான் வேண்டும். அந்த லட்சத்தில் ரிம்மோடு ஒன்று வாங்கினாலும் மிச்சம் வரும். மிச்சத்தில் அலைன்மென்ற் பார்க்கலாம், பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் முன்பின் சில்லு மாற்றிப் போடலாம். அதற்குப் பிறகும் மிஞ்சுவதை லீசிங்குக்குக் கட்டுங்கோ.

புது ரயர் வாங்குகிற நாள் வரும்போது கடையில் ஒரு கேள்வி கேளுங்கோ: ஈரத்தில் எப்படிப் பிடிக்கும்? ஐரோப்பாவில் 2012 இல் இருந்து ரயரில் இதற்கென்று ஒரு எழுத்து ஒட்டி விற்க வேண்டும் என்று சட்டம். எங்கள் கடைகளில் நான் கேட்டபோது கிடைத்த பதில், "எத்தினை வருசம் உழைக்கும் எண்டு கேளுங்கோ தம்பி, நாப்பதாயிரம் கேரண்டி." நீண்டகாலம் உழைக்கிற இறுகின றப்பர், ஈரத்தில் நல்லாகப் பிடிக்கிற றப்பராக இருக்க வேண்டும் என்று இல்லை. இன்னொன்றும்: புது ரயரின் மேல்தோல் முதல் சில நூறு கிலோமீற்றர் கொஞ்சம் வழுக்கும். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய பூச்சு அதில் இருக்கும். ஆக, 'பாதுகாப்புக்காக' ரயர் மாற்றிவிட்டு அன்றிரவே மழைக்குள் கொழும்புக்கு வெளிக்கிடுகிற ஆளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கழட்டின ரயர்கள் எல்லாம் யாரோ ஒருவரின் காருக்குப் போவதில்லை. எங்கள் ஊரில் மதிலோரம், கராஜின் பின்பக்கம், பூச்சட்டிக்கு என்று எடுத்து வைத்து மறந்த கிணற்றடி, எல்லா இடமும் கிடக்கிறது. மாரி மழைக்கு அதற்குள் நிற்கிற தண்ணியில்தான் டெங்கு நுளம்பு முட்டை இடுகிறது. மார்கழி, தையில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வாட்டுகள் நிரம்புவது உங்களுக்குத் தெரியும். பிஎச்ஐ வந்து தண்டம் எழுதும்போது மட்டும் எங்களுக்கு அந்த ரயர் நினைவுக்கு வரும். இன்னும் எட்டு மாசமே ஆன றப்பரை அந்தக் குவியலுக்கு ஒரு படி கிட்டத் தள்ளுவதற்கு வெக்கப்பட வேண்டாமா? 1876 இல் ஹெனரத்கொடையில் கன்று நட்ட நாளிலிருந்து றப்பர் விளைகிற நாடு இது. களுத்துறையிலும் கேகாலையிலும் விடியப்புறம் இருட்டோடு எழும்பிப் பால் வெட்டப் போகிற எங்கள் சனத்துக்கு அந்த றப்பர் எவ்வளவு பாடு என்று தெரியும்.

அண்ணைக்கு நான் ஒரு கேஜ் வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொன்னார், பெட்டியோடு டாஷ்போட்டில் வைத்தார். போன கிழமை கொழும்புக்கு வெளிக்கிடும்போது பார்த்தேன். முறிகண்டியில் உடைக்கத் தேங்காய் மறக்காமல் எடுத்து வைத்தார். பிறகு காரைச் சுற்றி வந்து நாலு ரயரையும் காலால் உதைத்துப் பார்த்தார்.

"காத்துச் சரி தம்பி" என்றார்.

நான் டாஷ்போட்டைத் திறந்து, கேஜை எடுத்துக்கொண்டு குந்தினேன். பின்பக்க இடது சில்லு ஆறு குறைவு.